நெடுங்கரிசலுக்கு வலித்தது

நெடுங்கரிசல் என்ற ஊரில் ஒருத்தி இரும்பைத் தூக்கினாள், மறுநாள் ஊருக்கு வலித்தது. நடந்தது இவ்வளவுதான். இது எப்படி நடக்கும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். ஆனால் அதற்கு முன்னால், அந்த வலி இருபத்திரண்டு நாள் வீடு வீடாகச் சுற்றியும் அப்படி ஒன்று ஊருக்குள் வந்திருப்பதே தெரியாமல் போனது எப்படி என்று கேட்டுவிட்டு வரட்டும், அதுதான் இதைவிடப் பெரிய அதிசயம்.

தூக்கியவள் பெயர் நாகஜோதி. இருபத்துமூன்று வயது, பஸ் ஸ்டாப்பை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் வேலை, அம்மா போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம், அப்பா லாரியில் வடக்கே போனால் பத்து நாள் கழித்து வந்து, அழுக்குத் துணியை இறக்கிவைத்து, ஒரு பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, "வரட்டுமாத்தா" என்று திரும்பவும் போய்விடுகிறவர். மிச்ச நாளெல்லாம் அந்த வீட்டில் வாய் திறப்பது குக்கர் மட்டும்தான். பொழுது போகாமல்தான் அவள் கடலை மில் மாடிக்கு, தவசிமுத்து மாஸ்டரின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாள் என்று சிலர் சொன்னார்கள், அது பொய். காகிதக் கட்டு ஒன்றை மேல் தட்டில் வைக்கப் போனவளைக் கடைக்காரர் "நீ விடு, உன்னால ஆகாது" என்று தடுத்த அன்றைக்குப் போனாள், கோபத்தில் போனாள், கோபம் தீர்ந்த பிறகும் போனாள். ஏனென்றால் கனமான ஒன்றைத் தரையிலிருந்து பிரித்தெடுக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அவள் தனியாள் இல்லை, கனமும் அவளும் இரண்டு பேர்.

மாஸ்டரின் இரும்பு எந்தக் காலத்திலோ மூடிப்போன ஒரு பட்டறையில் வார்த்தது. தட்டுகளில் புடைத்திருந்த எண்கள் வருஷத்துக்கு ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்டில் மூழ்கிப் போயிருந்தன. உடைந்ததைப் பற்றவைத்தது, ஓட்டையில் சிமெண்ட் அடைத்தது, பழைய டிராக்டரிலிருந்து கழற்றியது எல்லாம் ஒரே சாடையில் கிடந்தன, எது எத்தனை கிலோ என்று மாஸ்டருக்கே தெரியாது. அதனால் அவர் முன்னேற்றத்தை இரும்பில் பார்க்கவில்லை, படியில் பார்த்தார்.

மாடியிலிருந்து தரைக்கு வெளிப்பக்கமாகப் பதினோரு கல்படி, முன்னொரு காலத்தில் கடலை காயப்போட மூட்டை ஏற்றிய படி, நாலு ஆள் கைகோத்து இறங்கலாம். கால் பயிற்சி செய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் மாடியில் கூட வேண்டும். மாஸ்டர் கீழே நாற்காலி போட்டு, மடியில் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக இறங்க வேண்டும். சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்து, படிக்கு ஒருதரம் அம்மாவைக் கூப்பிட்டு இறங்கினவன் பேருக்கு நேரே ஒரு நட்சத்திரம். சும்மா இறங்கினவனுக்கு ஒரு வட்டம். வட்டமென்றால் நேற்று ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். இதற்குப் படி பார்ப்பது என்று பெயர், டீயும் கையுமாக வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருவார்கள்.

நாகஜோதி முதல் தடவையே குழாயடிக்குப் போகிறவள் மாதிரி இறங்கிவந்தாள்.

"வலிக்கல?" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர்."

"அப்ப நேத்து என்ன செஞ்ச?"

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

"நான் பாத்தத விடு. உன் தொடை என்ன சொல்லுது?"

அவள் தொடை ஒன்றும் சொல்லவில்லை; ஏனென்றால் சொல்ல வேண்டியதையெல்லாம் அது அந்நேரம் மேற்குத் தெருவில் சந்தனமாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சந்தனமாரி கடலை மில்லில் மூட்டை நிறுப்பவள், நாற்பது வயது. அன்று காலை அடுப்படியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். வேலைக்குப் போனாள். அடுத்த முறை வலி சத்துணவு சமைக்கும் பொன்னுத்தாயிடம் போனது, அவளோடு கீழத் தெருவில் பாதிப் பெண்களிடமும் போனது, அதற்கடுத்து மேற்குத் தெரு முழுக்க, அதற்கடுத்து காலனி. இப்படி இருபத்திரண்டு நாள். ஒருத்திகூட இது புது வலி என்று சொல்லவில்லை, நேற்றும் வலித்தது, போன வருஷமும் வலித்தது, இன்றைக்குக் கூட ஒரு பிடி, அவ்வளவுதானே என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தண்ணீருக்குப் போனார்கள்.

இருபத்துமூன்றாம் நாள் வலி ஆண்களிடம் போனது. காலை ஏழு மணிக்குள் ஊர் நின்றுவிட்டது. டீக்கடை கருத்தபாண்டியால் கையைத் தூக்கி டீ ஆற்ற முடியவில்லை, ஊர் முழுக்க ஆறாத டீ குடித்தது. சலூன்காரர் கத்தரிக்கோலைத் தலை உயரத்துக்குக் கொண்டுபோக முடியாமல் வாடிக்கையாளரைத் தரையில் உட்காரவைத்தார். பஞ்சாயத்துத் தலைவர் சட்டைக்குள் கையை நுழைக்க மாட்டாமல் துண்டோடு கொடியேற்றினார். மறுநாளே மருத்துவ முகாம், கொசு மருந்துப் புகை, தண்ணீர்த் தொட்டி கழுவல். டாக்டர் எல்லோரையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, நல்லா வேலை செஞ்ச உடம்பு, ரெண்டு நாள்ல சரியாயிரும் என்றார். டீக்கடை பெஞ்சில் அதற்கு முன்னால் அப்படி ஒரு பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

காரணத்தைச் சொன்னவள் சந்தனமாரி. அவள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேதான் கூடம். யார் இரும்பை எப்படி இறக்கிவைக்கிறார்கள் என்று சத்தத்திலேயே தெரியும்.

"அந்த ஜெராக்ஸ் கடைப் புள்ள குத்தவச்சு எந்திரிக்கிற அன்னைக்கு மறுநா தொடை. தலைக்கு மேல தூக்கினா மறுநா தோள். மூணு வாரமா பாத்துக்கிட்டு வாரேன்."

"மூணு வாரமாவா? ஏன் மதினி அப்பவே சொல்லல?" என்றார் கருத்தபாண்டி.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? ஒங்களுக்கு வலிக்கலயே."

இதைக் கேட்டு ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட நேரமில்லை, நாளைக்கு எது வலிக்கும் என்று தெரிய வேண்டியிருந்தது. நாகஜோதியிடம் அட்டவணை கேட்டார்கள். அவளே கடையில் பத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் கோயில் தூணிலும் ஒட்டினார்கள். திங்கள் கால், புதன் நெஞ்சு, வெள்ளி முதுகு. அதன்பின் செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைக்கவில்லை, மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்தால் எழுந்திருக்கப் போவதில்லை; வியாழக்கிழமை சலூன் விடுமுறை; சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிரம்பு ஓய்வெடுத்தது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வலி ஆண்களுக்குப் பிடித்துவிட்டது. வெயில் ஏறும்வரை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் அமுக்கிவிட்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு நெஞ்சு பாத்தீகளா, கல்லு மாதிரி" என்று தாங்களே தூக்கியதுபோலப் பேசினார்கள், சட்டையைக் கழற்றிக் கண்ணாடி பார்த்தார்கள், முட்டை தின்றார்கள். ஒரு நன்மையும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும்: தங்களுக்கும் வலித்ததால் முதன்முறையாகச் சில வீடுகளில் ஆண்கள் வெந்நீர் போட்டார்கள், போட்டது ஒரு பானை என்பதால் பெண்களுக்கும் கிடைத்தது.

நாகஜோதிக்கு மட்டும் வலிக்கவில்லை. தினம் விடிந்ததும் பாயில் கிடந்தபடியே தொடையை அமுக்கிப் பார்ப்பாள், முதலில் விரலால், பிறகு முட்டியால். ஒன்றுமில்லை. தெருவில் இறங்கினால் இருபுறமும் ஊர் முனகிக்கொண்டு, ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு, தைலம் கைமாற்றிக்கொண்டு கிடக்கும். உனக்கு எங்கே, எனக்கு இங்கே என்று பல வருஷமாகப் பேசாதவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். அவள் வந்தால் பேச்சு நின்று வழிவிடுவார்கள், மரியாதைதான், யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொன்னதில்லை, ஆனால் வலிக்காதவளிடம் கேட்க என்ன இருக்கிறது? அவளுடைய வலி எல்லா வீட்டுக்கும் விருந்துக்குப் போனது, அவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் அப்பா வந்திருந்தபோது அவர் காலை நீட்டிக்கொண்டு, "உடம்பெல்லாம் வலிக்குதுத்தா" என்றார். அவளுக்கு நெஞ்சு துள்ளியது. "எங்கப்பா, தொடையிலயா?" என்று கேட்டாள். "இல்லத்தா, ஸ்டியரிங் புடிச்ச வலி" என்றார். அது அவர் சொந்த வலி.

ஐந்தாவது மாதம் வலி குறைய ஆரம்பித்தது. அதே கம்பி, அதே தட்டுகள், முன்பு எட்டு தடவைக்கே மூச்சு முட்டியதை இப்போது பன்னிரண்டு தடவை செய்தாள், இன்னும் இரண்டு தட்டு சேர்த்தும் செய்தாள். மறுநாள் ஊர் கையைத் தூக்கிப் பார்த்தது, குனிந்து பார்த்தது, லேசாக ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது, மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது. பழகிய வேலைக்கு உடம்பு அழுவதில்லை, இது எந்த வீட்டு அடுப்படியிலும் தெரிந்த விஷயம். மாஸ்டருக்குத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சுக்கும் தெரியவில்லை.

"என்ன புள்ள, ஏமாத்த ஆரம்பிச்சுட்டியா?" என்றார் கருத்தபாண்டி. "ரெண்டு வாரமா சப்புனு இருக்கு."

"கூடத்தாண்ணே தூக்குறேன்."

"கூடத் தூக்கினா எங்களுக்குத் தெரியாதா?"

அந்த வாரம்தான் மாவட்ட வலுதூக்கும் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். போட்டி சனிக்கிழமை, கூடத்துக்கு மூன்று பேர், ஆணோ பெண்ணோ, மாஸ்டரின் முத்திரை விழுந்த படிவத்தோடு போக வேண்டும். அது இல்லாமல் யாரையும் மேடையேற்ற மாட்டார்கள். நாகஜோதிக்கு வாழ்க்கையில் வேண்டுமென்று இருந்தது அந்த ஒன்றுதான். எடை எழுதிய இரும்பை, எடை தெரிந்தவர்கள் முன்னால், ஒரே ஒருதரம் தூக்க வேண்டும், அப்புறம் யாரும் அவளிடம் உன் தொடை என்ன சொல்கிறது என்று கேட்கக் கூடாது. மாஸ்டர் சிலேட்டைப் பார்த்தார். அவள் பேருக்கு நேரே ஐந்து மாத வட்டங்கள் வரிசையாக இருந்தன. நட்சத்திரம் அதிகம் வாங்கிய மூன்று பேரைப் படித்தார். மூன்றாவது பெயர் ரேஷன் கடையில் பில் போடும் சௌந்தரபாண்டி. அவன் கூடத்தில் ஒரு தட்டைக்கூட உருட்டியதில்லை. முந்தைய மாதங்களில் செவ்வாய்தோறும் காலையில் மாடி ஏறி, எல்லோரும் பார்க்க முனகி முனகிப் படி இறங்கியதோடு சரி.

"மாஸ்டர், அவன் இறங்கினது என் வலியில" என்றாள் நாகஜோதி.

"இருக்கலாம். பட்டது யாரு?"

"தூக்கினது யாரு?"

"தூக்கினதுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?" என்று மாஸ்டர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷமாக ஒரே அளவுகோலை வைத்திருப்பவரிடம் வேறு அளவுகோல் கேட்டால் அவர் எங்கே போவார்? சௌந்தரபாண்டி பின்னாலிருந்து, "விடு தங்கச்சி, ஊர் சார்பா யாரு போனா என்ன" என்றான். அவன் குரலில் பெருந்தன்மை சொட்டியது.

அவள் மேலே போனாள். கம்பியைத் தாங்கியில் வைத்து, தனக்கு ஆகும் என்று தெரிந்த அத்தனை தட்டையும் இரண்டு பக்கமும் மாட்டி, பூட்டைப் போட்டு, அடியில் நுழைந்து, தோளில் ஏந்தி எழுந்தாள். எழுந்தவள் வழக்கம்போல உட்கார்ந்தெழவில்லை, திரும்பி வாசலைத் தாண்டி, வெள்ளிக்கிழமை மத்தியான வெயிலில், படியின் தலைப்பில் வந்து நின்றாள். கீழே மாஸ்டர் நாற்காலியில் இருந்தார். மில் பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். நாகஜோதி முதல் படியில் காலை வைத்தாள்.

கனத்தோடு மேலே ஏறுவது ஒரு வேலை, கனத்தோடு கீழே இறங்குவது அதைவிடக் கொடிய வேலை; ஏறும்போது உடம்பு தள்ளுகிறது, இறங்கும்போது உடம்பு விட்டுக்கொடுத்துக்கொண்டே பிடித்துவைக்கிறது, ஒவ்வொரு இழையும் நீண்டுகொண்டே முறுக்கி நிற்கிறது. பதினோரு படி. சுவரைத் தொடவில்லை. அம்மாவைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டு அவளுக்குப் பழக்கமும் இல்லை. மாஸ்டரைக் கடந்து, மில்லுக்குள் போய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏறி நின்றாள்.

சந்தனமாரி மூட்டைக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னாள்: "நூத்தி எண்பத்தாறு."

நாகஜோதி இறங்கி, தோளளவு அடுக்கியிருந்த மூட்டைகள் மேல் கம்பியைச் சரித்துவைத்துவிட்டு, வெறும் ஆளாக மறுபடி ஏறினாள்.

"அம்பத்தொம்பது" என்றாள் சந்தனமாரி. பிறகு, கடலைத் தூசி படிந்த விரலால் காற்றில் கழித்து, "அப்ப இரும்பு நூத்தி இருபத்தேழு" என்றாள்.

மாஸ்டர் வாசலில் நின்று தராசைப் பார்த்தார். "ஆனா சுவரப் புடிக்காம எறங்கிட்டியேம்மா" என்றார், கலங்கிப்போனவராக. சிலேட்டில் வட்டமும் போடவில்லை, நட்சத்திரமும் போடவில்லை.

மறுநாள் காலை நெடுங்கரிசல் எழுந்திருக்கவில்லை.

அப்படி ஒரு வலி அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வரவில்லை. எல்லா ஆண்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் ஒரே சமயத்தில் வந்தது, இதில் மட்டும் அது பாரபட்சம் பார்க்கவில்லை. கறவை மாடுகள் மடி கட்டிக் கத்தின, பால் சொசைட்டி திறக்கவில்லை, டீக்கடையில் அடுப்பு மூட்டவில்லை, கோயில் கதவு சாத்தியபடி இருந்தது. சௌந்தரபாண்டி பாயை விட்டு நகராமல், போட்டிக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லிப் பாயிலிருந்தே கத்தினான். மற்ற இரண்டு பேருக்குக் கத்தவும் முடியவில்லை. நாகஜோதி வழக்கம்போல தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, குளித்து, பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஊர் முழுக்கக் கதவுகளுக்குப் பின்னால் முனகல். நடமாட ஒரே ஒருத்தி. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. கேட்க யாருமில்லை என்பதால் அழவில்லை.

கடலை மில் மாடியில், அங்கேயே படுத்துத் தூங்கும் மாஸ்டர், படியின் தலைப்பில் கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றார். இத்தனை மாதமும் வலி அவரைத் தொட்டதில்லை, இன்றைக்குத்தான் தொட்டது.

நாகஜோதி கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். சிலேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எறங்குங்க மாஸ்டர்."

அவர் ஒரு காலை இறக்கிப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்து, பின்புறத்தால் ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். படிக்கு ஒருதரம் அம்மாவைக் கூப்பிட்டார். கடைசிப் படியில் அவளுக்கு நேராக உட்கார்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"நேத்து நீங்க என்ன தூக்கினீங்க மாஸ்டர்?"

"ஒண்ணும் தூக்கலம்மா. நாற்காலியில இருந்தேன்."

"உங்க கணக்குப்படி இன்னைக்கு இந்த ஊர்ல முன்னேறினது நீங்கதான். நட்சத்திரம் போடட்டுமா?"

அவர் தன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தார், தன்னுடையதில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல. பிறகு இடுப்பு வேட்டியில் முடிந்திருந்த முத்திரையை எடுத்து நீட்டினார். அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள், கடையில் தானே எடுத்த பிரதி. தாளை அவளே பிடித்துக்கொண்டாள். முத்திரை கொஞ்சம் சாய்வாக விழுந்தது. சிலேட்டில் அவள் 127 என்று மட்டும் எழுதி, படியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆறு பத்து பஸ் வெளியூரிலிருந்து வருவது. "என்னம்மா, ஊர்ல ஒருத்தரையும் காணோம்?" என்றார் கண்டக்டர். "எல்லாருக்கும் உடம்பு வலிண்ணே" என்றாள். "உனக்கு?" என்று கேட்டார். அவர் போகிறபோக்கில்தான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வியை அவள் மாவட்டத் தலைநகர்வரை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அங்கே இரும்பில் எண் எழுதியிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் வெளிப்படையாக. மேடையில் அவள் பெயரைச் சொன்னார்கள், ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். கைதட்டுவதற்கு, தெரிந்த முகம் ஒன்றுமில்லை. அவள் கம்பிக்கு அடியில் நுழைந்து, உட்கார்ந்து, எழுந்தாள். நடுவர்கள் மூவரும் சரியென்று, மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. அப்பாவுக்குப் போன் செய்தாள், தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். சாப்பிட்டுவிட்டு லாட்ஜில் படுத்தாள். காலையில் விழித்தபோது கை தானாகத் தொடைக்குப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள். இனிமேல் அமுக்கிப் பார்ப்பதில்லை என்று அந்த இடத்தில் முடிவாயிற்று. லாட்ஜின் மூன்று மாடிப் படியையும் சும்மா இறங்கினாள்.

ஞாயிறு மத்தியானம் நெடுங்கரிசலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். டீக்கடை பெஞ்சு நிறைந்திருந்தது. பழைய வலியோடு புது வலியும் சேர்ந்து ஊர் நொண்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்கள்.

"காலையிலயே தெரிஞ்சுபோச்சு, நீ தூக்கிட்டன்னு" என்றார் கருத்தபாண்டி. "எனக்கு இடுப்புல வந்துச்சு பாரு."

"எனக்குப் பின்தொடை" என்றான் சௌந்தரபாண்டி. "போட்டி வலி தனி மாதிரிதான்."

இப்படி ஒவ்வொருவராகத் தங்களுக்கு எங்கே வந்தது என்று சொன்னார்கள். அவள் நின்று கேட்டாள். எல்லோரும் சொல்லி முடித்து, எல்லோரும் பாராட்டி, எல்லோரும் ஒருவரையொருவர் அமுக்கிவிட ஆரம்பித்த பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மில் பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. அதன் கீழ்ப்படியில் சந்தனமாரி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிலேட்டு அப்படியே சாய்ந்திருந்தது; யாரும் அழிக்கவில்லை.

"எத்தனை?" என்றாள் சந்தனமாரி.

நாகஜோதி நின்றாள். பையைக் கீழே இறக்கிவைத்தாள்.

"நூத்தி முப்பத்திரண்டரை."

"அவ்வளவுதானா? எனக்கு இருந்த வலிக்கு நான் நூத்தம்பதுன்னுல்ல நெனச்சேன்." தைலப் பாட்டிலை மூடினாள். "இந்த வலிய நம்பி ஒண்ணும் எழுதக் கூடாது போலருக்கே" என்று சொல்லி, சிலேட்டை இழுத்து, 127ஐ முந்தானையால் துடைத்துவிட்டு, சரியான எண்ணை எழுதி, அரைக்கு எப்படிப் போடுவது என்று யோசித்து, அதையும் போட்டாள். பிறகு, உட்கார இடம் தேவைப்படுமே என்பதற்காக, வலிக்கும் காலை இரண்டு கையாலும் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.